காவற்பணி வேண்டிய விண்ணப்பம்: காரைக்காலிலிருந்து சைகோன் சென்றோரும் தமிழ்ப் புலம்பெயர்வு ஆய்வும்

கருத்துச் சுருக்கம்

பிரான்சு 1862இல் கொச்சின்சீனாவைத் தன் குடியேற்ற நாடாக்கியபின், காரைக்கால், புதுச்சேரிப் பகுதித் தமிழர் பலர் அங்குக் காவல் உள்ளிட்ட அரசுப் பணிகளை நாடிச் சென்றனர். தமிழ்ப் புலம்பெயர்வு ஆய்வில் இவர்களுக்கு உரிய இடம் இல்லை. இவர்தம் பணி விண்ணப்பங்களைத் தமிழ் எழுத்து வரலாற்றின் பகுதியாகக் கொள்ளவேண்டும் என்பதும், அவ்வாறு கொண்டால் புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றிய நம் பொதுப்படிமம் மாறும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: காரைக்கால், குரும்பகரம், சைகோன், துறப்பு ஆணை, விண்ணப்பம், பரிசில் துறை, புலம்பெயர்வு.

முன்னுரை

தமிழ்ப் புலம்பெயர்வு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று மாந்தர்களைச் சுற்றியே அமைகின்றன. முதலாமவர் தோட்டக் கூலித்தொழிலாளர். பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாடியதும், புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டியதும், அகிலன் 'பால்மரக் காட்டினிலே' புதினத்தில் மலேயா இரப்பர்த் தோட்ட வாழ்வை எழுதியதும் இவரை முன்னிறுத்தியே. இரண்டாமவர் வணிகர்; பர்மா, மலேயா, சைகோன் எனக் கடைவிரித்த நகரத்தார் இவ்வகையினர். மூன்றாமவர் 1983க்குப்பின் பெருந்தொகையாக வெளியேறிய ஈழத்து ஏதிலியர்.

நான்காவதாக ஒருவர் உண்டு. அவர் சீருடை அணிந்தவர். வேறொரு மக்களின் நிலத்தில், மூன்றாம் நாட்டு அரசின் ஆணையை நிறைவேற்ற ஊதியம் பெற்றவர். பிரெஞ்சிந்தியக் காவலர், சிறைக்காவலர், சுங்க ஊழியர், எழுத்தர் ஆகியோர் இவ்வகையில் அடங்குவர். இவர்களைப் பற்றி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஆய்வுகள் வெளிவந்துள்ளன. நதாஷா பேரோதோ 2016இல் வெளியிட்ட, இந்தோசீனாவில் வாழ்ந்த பிரெஞ்சிந்தியர் பற்றிய நூல் அவற்றுள் விரிவானது. தமிழ்த்துறைகளின் ஆய்வேடுகளிலோ இம்மாந்தர் அருகியே தோன்றுகின்றனர். இந்த இடைவெளி தற்செயலானதன்று. துன்புற்ற தமிழரைப் பாடவும் பொருளீட்டிய தமிழரைப் போற்றவும் நம்மிடம் மொழி உண்டு. பிறரை அடக்கும் அமைப்பில் பணியாற்றிய தமிழரைப் பேசுவதற்கான மொழியை நாம் இன்னும் ஆக்கிக்கொள்ளவில்லை.

ஒரு துறைமுகம், இரு பயணங்கள்

1739இல் பிரெஞ்சுக்காரர் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் காவிரிக் கழிமுகத்தின் ஒரு துண்டு. நாற்புறத்தில் மூன்று புறமும் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டம், கிழக்கே கடல். 1880இல் இது கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது. இக்கட்டுரை எழுதப்படும் குரும்பகரம், நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியமைந்த உழவூர். ஆற்றுநீரையும் பருவத்தையும் நம்பிய நெல் வேளாண்மை, சிலர் கையில் குவிந்த நிலம், சாதியால் வரையறுக்கப்பட்ட உழைப்பு ஆகிய மூன்றும் டெல்டா ஊர்கள் அனைத்துக்கும் பொதுவானவை. எல்லைக்கு இப்பால் பிரெஞ்சுப் பள்ளியும் பிரெஞ்சு ஆவண முறையும் இருந்தமை ஒன்றே வேறுபாடு. அந்த வேறுபாடு மிகப் பெரியதாக அமைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காரைக்கால் துறையிலிருந்து இருவகைப் பயணங்கள் புறப்பட்டன. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். 1861ஆம் ஆண்டின் ஆங்கில - பிரெஞ்சு உடன்படிக்கை, ஆங்கிலேய இந்தியரையும் பிரெஞ்சுத் தீவுகளுக்குத் திரட்டிச் செல்ல வழிவகுத்தது. மர்த்தினிக், குவாதலூப், ரெயூனியோன் ஆகிய தீவுகளுக்குச் சென்ற கப்பல்கள் பல காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆளேற்றின.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மற்றொரு திசை திறந்தது. 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றியது. 1862 சூன் 5ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையால் கொச்சின்சீனாவின் கிழக்கு மாநிலங்கள் மூன்றும், 1867இல் மேற்கு மாநிலங்கள் மூன்றும் பிரான்சின் வசமாயின. 1862 முதல் பிரெஞ்சுக் கப்பல் நிறுவனத்தின் கிழக்காசிய வழித்தடம் சைகோனைத் தொட்டது. வியட்நாமிய அரசவையின் அலுவலர்கள் பதவிகளைத் துறந்து வெளியேறியதால் புதிய ஆட்சிக்கு ஆளில்லை. பிரான்சிலிருந்து ஆளழைப்பது செலவு மிக்கது. உள்ளூராரை நம்புவது எளிதன்று. பிரெஞ்சு அறிந்த, வெப்பநாட்டு வாழ்வு பழகிய, அந்நாட்டு மக்களோடு உறவில்லாத ஒருவரே அவ்வாட்சிக்கு வேண்டியிருந்தார். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் அத்தகையோர் இருந்தனர். நகரக் காவல், சிறைக்காவல், சுங்கம், சந்தைவரி, கலங்கரை விளக்கம் எனப் பல துறைகளின் கீழ்நிலை, இடைநிலைப் பணிகளில் அவர்கள் அமர்ந்தனர்.

ஒரே கரையிலிருந்து ஒருவர் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துக் கூலியாகச் சென்றார். மற்றொருவர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு அலுவலராகச் சென்றார். இவ்விருவரையும் வேறாக்கியது பல வேளைகளில் சில ஆண்டுப் பள்ளிப்படிப்பும் ஓர் ஆட்சி எல்லைக்கோடும் மட்டுமே. ஆதலால் ஒருவரை மட்டும் புலம்பெயர் தமிழர் என எண்ணி மற்றவரை விடுத்தல் முறையாகாது.

துறப்பும் தகுதியும்

விண்ணப்பதாரர் தம்மை யாரெனக் கூறிக்கொண்டார் என்பதை அறிய, பிரெஞ்சிந்தியாவின் சட்டநிலையை நோக்குதல் வேண்டும். 1819 சனவரி 6ஆம் நாளிட்ட ஆணை, இந்தியர் தத்தம் சாதி வழக்கப்படியும் மரபுச் சட்டப்படியும் வாழலாம் என உறுதி கூறியது. 1848இல் வாக்குரிமை வந்தது. இடையில் நின்று, 1871இல் மீண்டது. வாக்களிக்கும் உரிமையுடையோராகவும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்படாதோராகவும் ஒரே வேளையில் இருந்தவர்கள் காரைக்கால் மக்கள்.

1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட துறப்பு ஆணை இந்நிலையில் ஒரு வாயிலைத் திறந்தது. தம் மரபுச் சட்டத்தைத் துறப்பதாக அலுவலர் முன் அறிவித்து, குடும்பப் பெயரொன்றை ஏற்றால், ஒருவர் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற இயலாது. ஐரோப்பியக் காலணியணிந்து நீதிமன்றத்தில் நின்றமைக்காக 1873இல் வழக்கைச் சந்தித்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, துறந்தோருள் முதல்வராக விளங்கி, 'வாயில்' எனப் பொருள்படும் லப்போர்த்து என்னும் பெயரை ஏற்றார். சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி வழக்கம் காக்க முனைந்தோர் இவ்வியக்கத்தை எதிர்த்தனர். துறந்தோருள் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. 1884இல் வாக்காளர் பட்டியல் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்றாகப் பகுக்கப்பட்டது. சட்டம் ஒன்றாக்கியதைப் பட்டியல் மீண்டும் பிரித்தது.

தாயகத்தில் தேர்தல் கணக்காக முடிந்த இச்சிக்கல், சைகோனில் ஊதியக் கணக்காக உருவெடுத்தது. அங்கு ஐரோப்பிய ஊழியர்க்கு ஒரு நிலையும் உள்நாட்டு ஊழியர்க்கு வேறொரு நிலையும் வகுக்கப்பட்டிருந்தன. துறந்த தமிழர் எந்நிலையில் வைக்கப்படுவார்? பிரெஞ்சுக் குடிமகனாயின் ஐரோப்பிய ஊதியமும் விடுப்பும் கப்பற்கட்டணமும் அவருக்கு உரியன. தோற்றத்தால் ஆசியராயின் அவை மறுக்கப்படும். இது பற்றிய வழக்காடல் பல பத்தாண்டுகள் நீண்டது. எனவே காவற்பணி வேண்டிய விண்ணப்பத்தை வேலை கேட்கும் தாள் என மட்டும் கொள்ளவியலாது. தாயகத்தில் ஏட்டளவில் கிடைத்த சமத்துவம் கடல்கடந்தும் செல்லுமா என வினவும் ஆவணம் அது.

விண்ணப்பமும் பரிசில் துறையும்

இவ்விண்ணப்பங்கள் பிரெஞ்சு மொழியில் எழுந்தவை. ஆதலின் தமிழ்த்துறைக்கு இவற்றில் என்ன பணி என்று வினவலாம். விடை இரண்டு. முதலாவது, எழுதியோர் தமிழர். கேட்டுப்பெறும் எழுத்தில் அவர்களுக்கு நெடிய மரபு இருந்தது. தொல்காப்பியப் பாடாண்திணை முதலாகப் பரிசில் வேண்டுதல் தனித்துறையாகப் பேணப்பட்டுள்ளது. பரிசில் நீட்டித்தவனிடம் மீண்டும் கேட்பது பரிசில் கடாநிலை எனவும், பெற்று விடைகொள்வது பரிசில் விடை எனவும் புறநானூற்றில் துறை வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் சீட்டுக்கவி என்னும் வடிவம் தோன்றியது. அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் சீட்டுக்கவிகள் புகழ்பெற்றவை. பாரதியாரும் 1919இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார்.

பரிசில் துறைக்கும் பணி விண்ணப்பத்துக்கும் அமைப்பில் ஒற்றுமை உண்டு. விளி, பெறுநரின் பெருமை, கேட்போரின் நிலை, குடிப்பெருமை, வேண்டுகோள், வாழ்த்து ஆகியன இரண்டிலும் வரிசையாக அமையத்தக்கவை. தந்தையின் படைப்பணி விண்ணப்பத்தில் குடிப்பெருமையின் இடத்தைப் பெறுகிறது. பிறப்புப் பதிவும் துறப்புப் பத்திரமும் சான்றாகின்றன. 'மிகத் தாழ்மையும் கீழ்ப்படிதலும் உள்ள ஊழியன்' எனக் கையொப்பத்திற்குமுன் எழுதும் பிரெஞ்சு வழக்கு, புலவனின் பணிவுரைக்கு ஈடாக நிற்கிறது.

வேற்றுமையே இங்கு முதன்மையானது. பரிசிலன் கேட்பது கொடை. கொடுப்பது புரவலனின் பெருமை. கொடாமை அவனது சிறுமை. தன்னைக் காணாது தந்த பரிசிலை மறுத்த பெருஞ்சித்திரனாரைப் போலப் புலவன் விலகிச் செல்லவும் இயலும். விண்ணப்பதாரருக்கு அந்த விலகல் இல்லை. அவர் பின்னால் குடும்பம் நிற்கிறது. ஆயினும் புலவனிடம் இல்லாத ஒன்று அவரிடம் உண்டு. அவர் ஆணை எண்ணையும் நாளையும் சுட்டி உரிமை கோரவல்லவர். மொழி இரவலனுடையது, வழக்கு உரிமையாளனுடையது. இவ்விரண்டும் ஒரே தாளில் முரணி நிற்பது, குடியேற்ற ஆட்சிக்கால எழுத்தின் தனித்தன்மை என்பது கட்டுரையாளரின் கருத்து. அம்முரணைப் படித்தறியும் பயிற்சி, துறை வகுத்துப் பாடல் படித்த தமிழ் மாணவருக்கு வரலாற்று மாணவரைவிட எளிதில் கைவரும்.

இரண்டாவது விடை சொல் தொடர்பானது. சொல்தா, மேர், கொம்யூன், நொத்தேர் முதலிய சொற்கள் காரைக்கால், புதுச்சேரித் தமிழில் இவ்வாட்சி உறவின்வழிப் புகுந்தவை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவரைச் சொல்தா என அழைக்கும் வழக்கு இன்றும் உண்டு. புதுச்சேரி ஒன்றியப் பகுதிக் காவலர் அணியும் சிவப்புத் தொப்பியும் அவ்வாட்சியின் எச்சமே. விண்ணப்பங்களைப் படியாமல் இச்சொற்களின் வரலாற்றை எழுத இயலாது.

எதிர்நின்றவர் கண்ணில்

இதுவரை கூறியன விண்ணப்பதாரரின் பக்கம் நின்று கூறியவை. பணி கிடைத்தபின் அவர் எதிரே நின்றவர் வியட்நாமியர். அவர் பார்வையைச் சேர்க்காத ஆய்வு அரைகுறையானதே.

தென்வியட்நாமில் காவலரை 'மாத்தா' என்னும் ஒலிப்புடைய சொல்லால் வழங்கினர். கண் எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து, கண்காணிப்பவர் என்னும் பொருளில் அது அங்குச் சென்றது. பார்வையிழந்த கவிஞர் நுயென் தின் சியு, 1861இல் கன் சுவொக் ஊரில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து மாண்ட உழவர்க்காக இயற்றிய இரங்கலுரையில் இச்சொல் எதிரிப் படையினரைச் சுட்டி வருகின்றது. வியட்நாமியப் பள்ளிகளில் பயிலப்படும் அவ்விலக்கியத்தில், அந்நிய ஆட்சிக்கு ஊழியம் செய்யும் ஆசியர் இவ்வாறு இடம்பெற்றுவிட்டனர். தமிழுக்கும் இது அயலான சொல்லாக்கம் அன்று. இலங்கை, மலேயாத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகளை மேய்த்த தமிழரைக் கண்காணி என்றே அழைத்தோம். கண்காணியைப் பற்றி நம் இலக்கியம் சினத்தோடு பேசுகிறது; சைகோன் காவலரைப் பற்றி அமைதி காக்கிறது. முன்னவர் கண்காணித்தது நம்மவரை, பின்னவர் கண்காணித்தது பிறரை என்பதன்றி இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

வியட்நாமிய ஆடவர் தலைவரிச் சீட்டை உடன்கொண்டு திரியவேண்டும். காவலர் கேட்கும்போது காட்டவேண்டும். சீட்டில்லாதவர் தண்டனைக்குரியவர். சீட்டைக் கேட்டவருள் காரைக்கால் தமிழரும் இருந்திருப்பர் என்பது அப்பணியின் இயல்பிலேயே அடங்கியது. சட்டநிலையிலும் இருவருக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. 1881 மே 25ஆம் நாளிட்ட ஆணைப்படி, கொச்சின்சீனாவின் வியட்நாமியர் பிரெஞ்சுக் குடியுரிமைக்குத் தனித்தனியே விண்ணப்பிக்கவேண்டும், அரசு மறுக்கலாம். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஆணைப்படி, பிரெஞ்சிந்தியர் அறிவித்தாலே போதும். தம் மண்ணிலேயே வியட்நாமியர் குடிகளாக நிற்க, வந்தேறிய தமிழர் குடிமகனாக வாக்களித்தார். சைகோன் தேர்தல்களில் இந்தியர் வாக்குகள் கணிசமாக இருந்தமையும், அவை பிரெஞ்சு வேட்பாளர்களால் நாடப்பட்டமையும், அது பற்றிய பழிப்புரைகளும் அக்கால அரசியலின் பகுதி.

இங்கு ஒரு தடை எழலாம். சாதியின் அடிநிலையில் வைக்கப்பட்ட ஒருவர், தம் ஊரில் காலணியணியவும் அஞ்சிய காலத்தில், அரசுச் சீருடையில் நிமிர்ந்து நின்றதைக் குற்றமாகக் கூறுவது அறமா? அறமன்று. அவ்விடுதலையைச் சிறுமைப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஆனால் ஒருவரின் விடுதலை மற்றொருவரின் அடிமைத்தனத்தைக் காக்கும் பணியின் வழியாகவே கிடைத்தது என்பதுதான் குடியேற்ற ஆட்சியின் கொடுமை. அவ்வாட்சி அளித்த மிகச் சிறிய பதவிக்கும் அதுவே விலை. முதற்பகுதியை மட்டும் எழுதினால் வீரவரலாறாகும். இரண்டாம் பகுதியை மட்டும் எழுதினால் பழியுரையாகும். ஒரே பத்தியில் இரண்டையும் எழுதக் கற்பதே ஆய்வு.

தாள்கள் இருக்கும் இடங்கள்

1945 மார்ச் 9ஆம் நாள் சப்பானியப் படை இந்தோசீனாவின் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தது. 1954 சூலையில் செனீவா உடன்பாடு. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் காரைக்கால் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. பணிசெய்த நாடும் பிறந்த நாடும் ஒரே ஆண்டில் கைமாறின. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிகழ்ந்தது. ஆறு திங்களுக்குள் எழுத்தில் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. மூதாதையர் பெற்ற துறப்புப் பத்திரமும் பணி ஆணையும் அன்று மீண்டும் உயிர்பெற்றன.

இத்தாள்களின் இன்றைய நிலை கவலைக்குரியது. ஓய்வூதியத்திற்கோ குடியுரிமைக்கோ பயன்படும்வரை குடும்பங்கள் அவற்றைப் போற்றிக் காக்கின்றன; பிறர்க்குக் காட்ட அஞ்சுகின்றன. பயன் முடிந்தபின் அவை பழந்தாள்களாகின்றன. பயன்படுங்காலத்தில் ஆய்வாளருக்குக் கிட்டுவதில்லை. கிட்டும் காலத்தில் எஞ்சுவதில்லை. வீடு இடிக்கப்படும்போதோ பாகம் பிரிக்கப்படும்போதோ அழியும் இவற்றுக்கு மாற்றுப்படி கிடையாது.

அரசு ஆவணங்களின் நிலை இதனினும் நன்று. பிரான்சின் எக்சு நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம், காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பலவற்றை இணையத்தில் படிக்கத் தந்துள்ளது. கொச்சின்சீன அரசின் கோப்புகள் ஹோ சி மின் நகரத் தேசிய ஆவணக்காப்பகம் எண் 2இல் உள்ளன. பதிவேடு ஊரைக் காட்டும். கோப்பு பணியைக் காட்டும். வீட்டுத்தாள் மனிதரைக் காட்டும். மூன்றையும் இணைத்துப் படிக்கவேண்டும்.

இதன்பொருட்டு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கலாம். முதலாவது, புதுச்சேரி, காரைக்கால் தமிழ்த்துறைகள் முனைவர் பட்டப் பாடப்பணியில் பிரெஞ்சு ஆவணம் படிக்கும் தாளொன்றைச் சேர்த்தல் வேண்டும். கல்வெட்டுப் படிக்கக் கிரந்தம் கற்பது போன்றதே இதுவும். இரண்டாவது, ஆய்வைக் கொம்யூன் அளவில் தொடங்காமல் ஊர் அளவில் தொடங்குதல் வேண்டும். குரும்பகரம் போன்ற ஒரே ஊரின் பதிவேடுகளை முழுமையாகப் படித்து, யார் கூலியாகச் சென்றார், யார் ஊழியராகச் சென்றார், யார் ஊரிலேயே உழுதார் என ஒப்பிட்டால், சாதியும் நிலமும் பள்ளியும் பயணத்தை வகுத்த முறை புலப்படும். மூன்றாவது, வீட்டுத்தாள்களை வாங்கிச் செல்லாமல் அவ்வீட்டிலேயே படியெடுத்து மூலத்தைத் திருப்பித் தருதலும், குடியுரிமை தொடர்பான பெயர்களை வெளியிடாது காத்தலும் துறையின் எழுதப்பட்ட நெறியாதல் வேண்டும். அச்சம் நீங்கினாலன்றிப் பெட்டி திறவாது.

முடிவுரை

சைகோனுக்குக் காவற்பணி வேண்டி எழுதியவர் நம் புலம்பெயர்வு வரலாற்றின் விலக்கு அல்லர். அவ்வரலாற்றின் கடினமான பகுதி. அவர் சாதியிலிருந்து தப்பினார், ஆட்சிக்கு ஊழியரானார். சமத்துவம் கேட்டார், தமக்குக் கிடைத்த அளவில் அது வியட்நாமியருக்குக் கிடைக்காத அமைப்பைக் காத்தார். இன்று தமிழர் பல நாடுகளில் குடிமக்களாகவும் அந்நாட்டுக் காவல், படை, ஆட்சிப் பணியாளராகவும் வாழ்கின்றனர். துன்புற்றோர் என்னும் ஒற்றைப் படிமம் அவர்தம் வாழ்வை விளக்கப் போதாது. அதிகாரத்தின் கீழும் அதிகாரத்தின் பக்கமும் ஒருசேர நின்ற முன்னோரின் எழுத்தைப் படித்தால், அவ்விளக்கத்துக்கு வேண்டிய மொழி கிடைக்கும். காரைக்கால் வீடுகளின் பெட்டிகளில் எஞ்சியுள்ள தாள்களிலிருந்து அப்பணியைத் தமிழ்த்துறைகள் தொடங்கலாம்.